க்ரோம்ல "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு வருது, அன்இன்ஸ்டால் பண்ணாலும் போகல. ஃபார்மட் தான் வழியா?

ஆலங்குளம்_ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கம் ஆலங்குளத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கரண்ட் பில், பட்டா சிட்டா பிரிண்ட், ஸ்காலர்ஷிப், டிஎன்பிஎஸ்சி ஃபார்ம் எல்லாம் போட்டுக் கொடுப்போம். கடையில ரெண்டு சிஸ்டம், ரெண்டும் விண்டோஸ் 10. கஸ்டமர் உக்கார்ற பக்கம் இருக்கிற சிஸ்டம்ல தான் பிரச்சனை.

போன வாரம் ஒரு காலேஜ் பையன் பிடிஎஃப் சைஸ் குறைக்கணும்னு கூகுள்ல தேடி, முதல்ல வந்த லிங்க்ல இருந்து ஏதோ ஒரு கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் இறக்கி இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிருக்கான். அதுக்கப்புறம் வலது பக்கம் கீழ மூலையில நிமிஷத்துக்கு ஒண்ணா "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, ஆன்டிவைரஸ் காலாவதி ஆயிடுச்சு"ன்னு பெட்டி பெட்டியா வருது. அட்ரஸ் பார்ல எதைத் தேடினாலும் ஒரு செகண்ட் புரியாத ஏதோ ஒரு அட்ரஸ் வந்துட்டு வேற சர்ச் பக்கத்துக்குப் போகுது. மூணு புள்ளி மெனுவைத் திறந்தா அடியில "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு ஒரு வரி. எனக்கு எந்த ஆர்கனைசேஷன் இருக்கு, நான் ஒரு ஆளு தானே கடையே.

க்ரோம்ல கூடுதலாச் சேக்குற சின்ன புரோகிராம் எல்லாம் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பக்கத்துல பேர் தெரியாத ஒண்ணு உக்காந்திருக்கு, அதுக்கு ரிமூவ் பட்டனே இல்ல. க்ரோமை அன்இன்ஸ்டால் பண்ணி திரும்பப் போட்டேன், கடை ஜிமெயில்ல சைன் இன் பண்ணதும் எல்லாம் அப்படியே வந்து நிக்குது. ஊர்ல சிஸ்டம் பாக்குற தம்பி ஃபார்மட் தான் வழிங்கறாரு. ஃபார்மட் பண்ணா கைரேகை மெஷின் டிரைவர், அந்த மெஷின் ஆதாருக்கு வேலை செய்யப் போடுற ஆர்டி சர்வீஸ், பிரிண்டர், பாமினி ஃபாண்ட்னு எல்லாத்தையும் முதல்ல இருந்து போடணும், ஒரு நாள் வியாபாரம் போயிரும். அதை விடப் பெரிய கவலை, நம்மளை நம்பி ஆதார் நம்பரும் ஓடிபியும் சொல்ற ஜனங்க. அவங்க விஷயம் எதுவும் வெளிய போயிருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வயர்_கட்டர்:

அண்ணாச்சி, நீங்க ஒரே பிரச்சனைன்னு நினைக்கிறது உண்மையில மூணு தனித்தனி விஷயம், மூணும் வேற வேற இடத்துல உக்காந்திருக்கு, அதனால தான் க்ரோமைத் தூக்கிப் போட்டாலும் போகமாட்டேங்குது.

முதல்ல அந்த மூலையில வர்ற பெட்டிங்க. அது பெரும்பாலும் வைரஸே கிடையாது, நோட்டிஃபிகேஷன் தான். ஏதோ ஒரு சைட்டுல "நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அலோ அமுக்குங்க"ன்னு போட்டிருப்பான், யாரோ கஸ்டமர் அமுக்கியிருப்பாங்க. அதோட அந்த சைட்டுக்கு எப்ப வேணா உங்க ஸ்கிரீன்ல செய்தி காட்ட அனுமதி கிடைச்சிருச்சு, சைட்டை மூடின பிறகும் வரும். அந்தப் பெட்டியை நல்லா உத்துப் பாருங்க, தலைப்புக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல கூகுள் க்ரோம்னும் கூடவே ஒரு சைட் பேரும் போட்டிருக்கும். நிஜ ஆன்டிவைரஸ் க்ரோம் வழியா பேசாது. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அங்க அலோ லிஸ்ட்ல இருக்கிற அத்தனையையும் ரிமூவ் பண்ணுங்க. கடை சிஸ்டத்துக்கு எந்த சைட்டும் நோட்டிஃபிகேஷன் அனுப்பத் தேவையே இல்ல, அதே பக்கத்துல மேல "எந்த சைட்டும் கேக்கவே கூடாது"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் போட்டுருங்க. பெட்டி வந்தா மட்டும் அது மேல கிளிக் பண்ணிராதீங்க, அது கூட்டிட்டுப் போற பக்கம் தான் ஆபத்து.

ரெண்டாவது அந்த ஆர்கனைசேஷன் வரி. கம்பெனிக்காரங்க ஆயிரம் லேப்டாப்புக்கும் ஒரே மாதிரி செட்டிங் போடுறதுக்காக க்ரோம்ல பாலிசின்னு ஒரு வசதி வச்சிருக்காங்க. ஐடி கம்பெனி லேப்டாப்ல அந்த வரி வந்தா இயல்பு, சில ஆன்டிவைரஸ் போட்டாலும் வரும். ஆனா சொந்தக் கடை சிஸ்டத்துல, அதுவும் சர்ச் மாறின அதே நேரத்துல வந்துச்சுன்னா, அந்த பிடிஎஃப் கன்வெர்ட்டர் தான் பாலிசி எழுதி வச்சிருக்கு. இந்த பாலிசி க்ரோமுக்குள்ள இல்ல, விண்டோஸ் தன்னோட செட்டிங்கை எல்லாம் எழுதி வைக்கிற ரிஜிஸ்ட்ரியில இருக்கு. க்ரோமை அழிச்சாலும் அது அங்கயே தான் இருக்கும், புது க்ரோம் வந்து முதல் வேலையா அதைப் படிச்சு அந்த எக்ஸ்டென்ஷனைத் திரும்ப இறக்கிக்கும். ரிமூவ் பட்டன் இல்லாததுக்கும் இதான் காரணம், "அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டது"ன்னு க்ரோம் நம்பிக்கிட்டு இருக்கு.

பாக்குறதுக்கு, அட்ரஸ் பார்ல க்ரோம்னு அடிச்சு, கோலன், ரெண்டு ஸ்லாஷ், பாலிசின்னு போட்டு என்டர் குடுங்க. ஒரு டேபிள் வரும். அதுல "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்"னு ஒரு வரி இருந்தா அவன் தான் ஆளு. பக்கத்துல 32 எழுத்துல ஒரு ஐடி இருக்கும், அதைக் குறிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் ரிஜிஸ்ட்ரி எடிட்டர்ல ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், க்ரோம்னு போங்க, ஹெச்கீ கரண்ட் யூசர்லயும் இதே பாதையில பாருங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் எடுத்து வச்சுக்கோங்க, ரிஜிஸ்ட்ரி கை வைக்கிற இடம், அவசரம் வேண்டாம். கீழ இருக்கிற க்ரோம் ஃபோல்டரை மட்டும் அழிச்சா போதும், மேல இருக்கிற பாலிசீஸ் முழுசையும் அழிச்சிராதீங்க. எட்ஜ்லயும் இதே வேலையைப் பண்ணியிருக்க வாய்ப்பு உண்டு, பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், எட்ஜ் பாருங்க.

மூணாவது தான் சைன் இன் பண்ணதும் திரும்ப வர்றது. அது சிங்க். உங்க எக்ஸ்டென்ஷனு, செட்டிங்கு எல்லாம் கூகுள் சர்வர்ல ஒரு காப்பி இருக்கு, சைன் இன் பண்ணதும் இறங்குது. முதல்ல புக்மார்க்கை எக்ஸ்போர்ட் எடுத்துட்டு, சேவ் ஆன பாஸ்வேர்டு தேவைன்னா அதையும் வேற இடத்துல எழுதி வச்சுட்டு, சிங்க் செட்டிங்ஸ்ல "சிங்க் ஆன டேட்டாவைப் பாருங்க"ன்னு இருக்கிறதுல போய் அடியில டெலீட் டேட்டா குடுங்க. இதைப் பண்ணாம எத்தனை தடவை க்ரோம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் அன்இன்ஸ்டால் பண்ணும்போது "பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா"ன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை டிக் பண்ணாட்டி பழைய ப்ரொஃபைல் ஃபோல்டர் அப்படியே இருக்கும்.

யூடியூப்ல பழைய வீடியோ பார்த்து "க்ரோம் செட்டிங்ஸ்ல க்ளீன் அப் கம்ப்யூட்டர் அமுக்குங்க"ன்னு யாராவது சொன்னா தேடாதீங்க, அந்த டூலை 2023 மார்ச்ல 111ஆவது வெர்ஷனோட கூகுள் எடுத்துட்டாங்க. ரீசெட் செட்டிங்ஸ் இன்னும் இருக்கு, நல்லது தான், ஆனா அது பாலிசியைத் தொடாது.

---

ராத்திரி_ஷிஃப்ட்:

வயர்_கட்டர் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. விளம்பரம் காட்டுற எக்ஸ்டென்ஷனோட மட்டும் இது நின்னுருக்கும்னு எப்படி முடிவு பண்றது? நான் சென்னையில செக்யூரிட்டி சப்போர்ட்ல இருக்கேன், எங்களுக்கு வர்ற கேஸ்ல இந்த மாதிரி ஓசி கன்வெர்ட்டரோட கூட வர்றது பல நேரம் ரெண்டு சாமான். ஒண்ணு கண்ணுக்குத் தெரியும், சர்ச்சை மாத்தும், விளம்பரம் காட்டும். இன்னொண்ணு சத்தமே போடாது, ஒரே தடவை ஓடி க்ரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, குக்கி எல்லாத்தையும் அள்ளி அனுப்பிட்டுத் தன்னைத் தானே அழிச்சுக்கும். அதுக்குப் பேர் இன்ஃபோ ஸ்டீலர். ஸ்கேன் பண்ணா ஒண்ணும் சிக்காது, ஏன்னா வேலை முடிஞ்சு போயாச்சு.

குக்கி போறதைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா தெரியறதில்ல. பொருட்காட்சியில உள்ள போகும்போது கையில ஒரு சீல் குத்துவாங்கல்ல, அதுக்கப்புறம் வெளிய போயிட்டு வந்தாலும் கையைக் காட்டினா டிக்கெட் கேக்கமாட்டாங்க, லாகின் குக்கி அது தான். அது திருடு போச்சுன்னா திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2023 மார்ச்ல லைனஸ் டெக் டிப்ஸ்னு கோடிக்கும் மேல சப்ஸ்க்ரைபர் உள்ள யூடியூப் சேனலையே இப்படித் தான் தூக்கினாங்க, ஸ்பான்சர் மெயில் மாதிரி வந்த பிடிஎஃப்னு நினைச்சு டீம்ல ஒருத்தர் திறந்திருக்காரு, செஷன் டோக்கன், அதாவது நான் சொன்ன அந்த சீல், போயிருச்சு. டெக்னாலஜி பேசியே வாழுறவங்களுக்கே இந்த கதின்னா நம்ம கடைக்கு வர்ற ஜனங்க என்ன பண்ணுவாங்க.

லும்மான்னு ஒரு ஸ்டீலர் இருக்கு. 2025 மார்ச் நடுவுல இருந்து மே நடு வரைக்கும் ரெண்டே மாசத்துல 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்ல அதைப் பார்த்ததா மைக்ரோசாஃப்ட் சொன்னாங்க, கோர்ட் ஆர்டர் வாங்கி அதோட டொமைன்களை முடக்கினாங்க. க்ரோமும் சும்மா இல்ல, 2024 ஜூலையில 127ஆவது வெர்ஷன்ல குக்கியை வேற புரோகிராம் படிக்க முடியாதபடி புதுசா ஒரு பூட்டுப் போட்டாங்க, ஆனா ஸ்டீலர் எழுதுறவங்க சில மாசத்துலயே அதுக்கும் வழி கண்டுபிடிச்சிட்டாங்க. அதனால ஒரு தடவை கெட்ட சாஃப்ட்வேர் ஓடின சிஸ்டத்துல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாம் போயிருச்சுன்னே வச்சுக்கணும்.

சார், நீங்க இப்ப பண்ண வேண்டியது இதான். உங்க ஃபோன்ல இருந்தோ இன்னொரு சிஸ்டத்துல இருந்தோ, இந்தக் கெட்ட சிஸ்டத்துல இல்ல, கடை ஜிமெயில் பாஸ்வேர்டை மாத்துங்க. கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கத்துல "யுவர் டிவைசஸ்"னு இருக்கும், அதுல இருக்கிற எல்லா டிவைஸையும் சைன் அவுட் பண்ணுங்க, பாஸ்வேர்டு மாத்துறதை விட இது முக்கியம். அதுக்கப்புறம் பேங்க், போர்ட்டல் ஐடி எல்லாம். ரெக்கவரி ஃபோன் நம்பரும் ரெக்கவரி மெயிலும் உங்களுது தானான்னு பாருங்க, ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபில்டர், ஃபார்வர்டிங்ல தெரியாத மெயில் ஐடி ஏதும் இருக்கான்னு பாருங்க, உள்ள வந்தவன் பேங்க் அலர்ட்டை மறைக்கிறதுக்கு இதைப் பண்ணுவான்.

ஃபார்மட் விஷயத்துல நான் உங்க ஊர்த் தம்பி பக்கம். வீட்ல ஒரே ஆள் கேம் விளையாடுற சிஸ்டமா இருந்தா சுத்தம் பண்ணிப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன். ஊர் ஜனம் ஆதாரும் ஓடிபியும் அடிக்கிற கீபோர்டு அது.

---

ஆலங்குளம்_ஜெராக்ஸ்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முதல் வேலையா ஃபோன்ல இருந்து ஜிமெயில் பாஸ்வேர்டு மாத்தி எல்லா டிவைஸையும் சைன் அவுட் பண்ணிட்டேன். ஃபில்டர்ல ஒண்ணும் இல்ல, ரெக்கவரி நம்பரும் என்னோடது தான்.

நோட்டிஃபிகேஷன் லிஸ்ட்டைப் பார்த்தா பக்கம் பக்கமா சைட் பேரு, எல்லாம் வாயில நுழையாத பேரு. எடுத்ததும் மூலையில வர்றது நின்னு போச்சு. பாலிசி பக்கத்துல நீங்க சொன்ன மாதிரியே ஃபோர்ஸ்லிஸ்ட் இருந்துச்சு, ரிஜிஸ்ட்ரியில எக்ஸ்போர்ட் எடுத்துட்டு அழிச்சேன், எக்ஸ்டென்ஷனும் போயிருச்சு. சந்தோஷமா கடையை மூடிட்டுப் போனேன். காலையில சிஸ்டத்தை ஆன் பண்ணா திரும்ப அதே வரி, அதே எக்ஸ்டென்ஷன். சைன் இன் கூட பண்ணல. அப்ப இது எங்க இருந்து வருது?

---

வயர்_கட்டர்:

அப்படின்னா எழுதினவன் இன்னும் உள்ள இருக்கான் அண்ணாச்சி. ஸ்டார்ட் மெனுவுல டாஸ்க் ஷெட்யூலர்னு அடிச்சுத் திறங்க, குறிச்ச நேரத்துல புரோகிராமைத் தானா ஓட விடுற இடம் அது, இடது பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியை அமுக்குங்க. ஒவ்வொண்ணையும் கிளிக் பண்ணி கீழ ஆக்‌ஷன்ஸ் டேப்ல என்ன ஓடுதுன்னு பாருங்க. பவர்ஷெல்னு (விண்டோஸ்ல கமாண்ட் ஓட்டுற புரோகிராம்) ஆரம்பிச்சு கூடவே ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் பேரு இருந்தா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க போடுங்க. பேரைப் பார்த்து நம்பாதீங்க, அப்டேட், செக்கர்னு நல்ல பேரா தான் வச்சிருப்பான்.

2024 ஆகஸ்ட்ல ரீசன்லேப்ஸ்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி இதே மாதிரி ஒண்ணைப் பத்தி எழுதினாங்க, குறைஞ்சது 3 லட்சம் க்ரோம், எட்ஜ் யூசருக்கு வந்திருந்துச்சு. விஎல்சி, கீபாஸ் மாதிரி பேர் போன சாஃப்ட்வேர் பேர்ல போலி டவுன்லோட் பக்கம், கூகுள் விளம்பரத்துல இருந்து ஆள் வருவாங்க. இறக்கின ஃபைல் டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு டாஸ்க் போடும், அது பவர்ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டும், ஸ்கிரிப்ட் ரிஜிஸ்ட்ரியில பாலிசி எழுதும். நீங்க பாலிசியை அழிச்சா டாஸ்க் திரும்ப எழுதும். உங்க கதையும் இதே வரிசையில தான் வருது.

இன்னொண்ணும் பாருங்க, டெஸ்க்டாப்ல இருக்கிற க்ரோம் ஐகானை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க. டார்கெட்னு ஒரு கட்டம் இருக்கும். அது க்ரோம் டாட் இஎக்ஸ்இ, ஒரு கொட்டேஷன், அதோட முடியணும். அதுக்குப் பின்னாடி லோட் எக்ஸ்டென்ஷன்னோ ஏதாவது வெப்சைட் அட்ரஸோ நீட்டிக்கிட்டு இருந்தா ஐகான்லயே கை வச்சிருக்கான். டாஸ்க்பார்ல பின் பண்ணதையும் தனியாப் பாருங்க.

---

மதியச்_சாப்பாடு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் கடை சிஸ்டம் தான். காலையில ஆன் பண்ணதும் எந்த சைட் போனாலும் "யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்"னு சிவப்பு முக்கோணம் வருது. கூகுளே திறக்கல. கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டு இருந்தா சில நாள் சரியாகுது. இதுவும் மால்வேரா?

---

வயர்_கட்டர்:

எல்லா சைட்டுக்கும் வருதுன்னா முதல்ல கடிகாரத்தைப் பாருங்க. கீழ மூலையில தேதி எத்தனை காட்டுது? ஏதோ பழைய வருஷத்துல போய் நின்னா மதர்போர்டுல இருக்கிற பேட்டரி தீர்ந்து போச்சு. சிஆர் 2032னு கேளுங்க, வட்டமா நாணயம் மாதிரி இருக்கும், வாட்ச் கடையிலயே கிடைக்கும். சைட்டோட சர்ட்டிஃபிகேட் இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும், உங்க சிஸ்டம் தேதி அதுக்கு வெளிய இருந்தா க்ரோம் நம்பாது. சில நாள் தானா சரியாகுதுன்னா விண்டோஸ் நெட்ல இருந்து நேரத்தை எடுத்துக்குது.

ஆனா எல்லா சைட்டும் ஒழுங்கா வந்து பேங்க் சைட் ஒண்ணுக்கு மட்டும் அந்த சிவப்பு முக்கோணம் வந்தா அட்வான்ஸ்டு அமுக்கி உள்ள போயிராதீங்க, அது வேற விஷயம். அங்கயே நிறுத்திட்டு வேற நெட்ல, ஃபோன் டேட்டாவுல போட்டுப் பாருங்க.

---

மதியச்_சாப்பாடு:

2009ன்னு காட்டுது! நன்றிங்க, பேட்டரி வாங்கப் போறேன்.

---

ஆலங்குளம்_ஜெராக்ஸ்:

டாஸ்க் ஷெட்யூலர்ல ஆள் சிக்கிட்டான். பேரைப் பார்த்தா பிரிண்டர் அப்டேட் மாதிரி இருக்கு, ஆனா என்கிட்ட அந்த பிரிண்டரே இல்ல. ஆக்‌ஷன்ல பவர்ஷெல், கூடவே விண்டோ ஸ்டைல் ஹிட்டன்னு ஒரு வார்த்தை, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல். லாகின் ஆகுற ஒவ்வொரு தடவையும் ஓடுற மாதிரி போட்டிருக்கான். ஃபைலோட தேதியைப் பார்த்தேன், அந்தப் பையன் கடைக்கு வந்த அதே நாள், சாயங்காலம். க்ரோம் ஐகானோட டார்கெட்லயும் நீளமா ஏதோ ஒட்டியிருக்கு.

ராத்திரி_ஷிஃப்ட் அக்கா சொன்னது தான் சரின்னு படுது. ஃபார்மட்டே பண்ணிடறேன். இந்த டாஸ்க்கைக் கண்டுபிடிச்சாச்சு, ஆனா இன்னும் எங்கெங்க என்ன வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும். அதை மனசுல வச்சுக்கிட்டு அடுத்தவங்க ஓடிபியை அந்த சிஸ்டத்துல அடிக்கச் சொல்ல மனசு ஒப்பல. ஃபார்மட் பண்ணும்போது எதைக் கவனிக்கணும்?

---

ராத்திரி_ஷிஃப்ட்:

சார், நல்ல முடிவு. விண்டோஸ் பென்டிரைவை உங்களோட நல்ல சிஸ்டத்துல, மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் எடுத்து உருவாக்குங்க, ஊர்ல சுத்துற "ஆக்டிவேட் பண்ணது" பென்டிரைவ் வேண்டவே வேண்டாம், கிராக் பண்ண விண்டோஸும் கிராக் பண்ண ஆஃபீஸும் ஸ்டீலர் வர்றதுக்கு நேர் வழி. பேக்கப் எடுக்கும்போது டாக்குமெண்ட், போட்டோ, பிடிஎஃப் மட்டும். செட்டப் ஃபைல், ஜிப் ஃபைல் எதையும் தூக்கிட்டு வராதீங்க, டிரைவரை அந்தந்த கம்பெனி சைட்ல இருந்து புதுசா இறக்குங்க. இன்ஸ்டால் பண்ணும்போது சி டிரைவ் பார்ட்டிஷனை டெலீட் பண்ணிட்டுப் போடுங்க. டி டிரைவ் இருந்தா அதை விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஃபுல் ஸ்கேன் போட்டுட்டு அப்புறம் தொடுங்க.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிருச்சு. சிஸ்டம் தாங்கும்னா இதோட 11 போட்டுருங்க. தாங்காதுன்னா மைக்ரோசாஃப்ட் குடுக்கிற எக்ஸ்டெண்டட் அப்டேட்ல சேந்துக்கோங்க, இல்ல அந்த கஸ்டமர் சிஸ்டத்துக்கு விண்டோஸுக்குப் பதிலா ஓசியில கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, ஃபார்ம் போடுறதுக்கும் பிரிண்டுக்கும் அது தாராளமாப் போதும். கைரேகை மெஷின் மட்டும் உங்க பக்கம் இருக்கிற விண்டோஸ் சிஸ்டத்துல இருக்கட்டும்.

---

செட்டிநாடு_பிரவுசிங்:

தம்பி, நான் காரைக்குடியில ரொம்ப வருஷமா பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஃபார்மட் பண்ண பிறகு திரும்ப இதே மாதிரி ஆகாம இருக்க நாங்க கடையில செய்யறதைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கோங்க.

கஸ்டமர் சிஸ்டத்துல விண்டோஸ் லாகின் ஸ்டாண்டர்ட் யூசரா இருக்கணும், அட்மின் பாஸ்வேர்டு உங்க மனசுல மட்டும். அந்தப் பையன் கன்வெர்ட்டர் போடும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்டிருந்தா உங்களைக் கூப்பிட்டிருப்பான், இவ்வளவு தூரம் வந்திருக்காது. சிஸ்டம்32குள்ள ஃபைல் வைக்கவும் அட்மின் வேணும், லோக்கல் மெஷின் ரிஜிஸ்ட்ரியில பாலிசி எழுதவும் அட்மின் வேணும். இந்த ஒண்ணு தான் பெரிய வேலி, மத்ததெல்லாம் அப்புறம்.

க்ரோமைக் கஸ்டமருக்கு கெஸ்ட் மோட்ல மட்டும் திறந்து விடுங்க. விண்டோவை மூடினதும் லாகின், ஹிஸ்டரி, குக்கி எல்லாம் போயிரும், எக்ஸ்டென்ஷனும் ஓடாது. இறக்கின ஃபைல் மட்டும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே இருக்கும், அது போகாது. எங்க கடையில ஒரு தடவை டவுன்லோட்ஸைத் திறந்து பார்த்தப்போ யார் யாரோட ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், கல்யாணம் ஆன பொண்ணுங்க போட்டோ எல்லாம் வரிசையா இருந்துச்சு, பதறிப் போச்சு. வைரஸே வேண்டாம், அடுத்து உக்கார்ற ஆளே பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயிரலாம். இப்ப தினமும் கடை அடைக்கும்போது ரீசைக்கிள் பின் வரைக்கும் காலி பண்ணிட்டுத் தான் போறோம். உங்க ரெண்டு சிஸ்டத்துலயும் இன்னைக்கே பாருங்க.

உங்க பக்கம் இருக்கிற சிஸ்டத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, விளம்பரத்தைத் தடுக்கிற யுபிளாக் ஆரிஜின்ங்கிற எக்ஸ்டென்ஷன் போடுங்க. க்ரோம்ல பழைய யுபிளாக் இப்ப ஓடாது, எக்ஸ்டென்ஷன் விதியை மாத்திட்டாங்க, லைட்னு ஒரு சின்ன வடிவம் தான் இருக்கு, அதுவும் இல்லாததுக்குப் பரவாயில்ல. விளம்பரம் மறையறது வசதிக்காக இல்ல தம்பி, அந்தப் பையன் அமுக்கின "முதல்ல வந்த லிங்க்" அநேகமா ஸ்பான்சர்டுன்னு போட்ட விளம்பரமா தான் இருந்திருக்கும். அமெரிக்காவுல எஃப்பிஐயே 2022 டிசம்பர்ல ஜனங்களுக்கு எச்சரிக்கை விட்டப்போ ஆட் பிளாக்கர் போட்டுக்கோங்கன்னு சொன்னாங்க. ஆனா எக்ஸ்டென்ஷனை இஷ்டத்துக்குச் சேத்துக்கிட்டே போகாதீங்க. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு இருந்துச்சு, 20 லட்சம் பேர் வச்சிருந்தாங்க, நல்ல எக்ஸ்டென்ஷன். 2020ல அதை எழுதினவர் வேற யாருக்கோ வித்துட்டாரு, 2021 பிப்ரவரியில மால்வேர்னு சொல்லி கூகுளே முடக்கிட்டாங்க. நேத்து நல்லவனா இருந்தவன் இன்னைக்கு அப்டேட்ல மாறலாம், அதனால ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோங்க.

கஸ்டமர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்னு ஒண்ணு இருக்கு. இப்ப புதுசா ஒரு கேப்ட்சா வருது, "நீங்க மனுஷன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆரும் சேத்து அமுக்குங்க, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர்"னு. நம்மளை அமுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் ஒரு கமாண்டை காப்பி பண்ணி வச்சிருக்கும், நம்ம கையாலயே அதை ஓட வைக்கிறான். இதுக்கு கிளிக்ஃபிக்ஸ்னு பேரு. பிரவுசர் தடுக்காது, ஏன்னா ஓட வைக்கிறது நாம. எந்த நிஜ கேப்ட்சாவும் பிரவுசரை விட்டு வெளிய போய் எதையும் அமுக்கச் சொல்லாது. ஒவ்வொரு மானிட்டர் மேலயும் இதை ஒரு வெள்ளைப் பேப்பர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், அதைப் பார்த்துட்டு ஒரு டீச்சரம்மா அமுக்கப் போனவங்க கையை எடுத்தாங்க, அப்பவே அந்தப் பேப்பருக்குப் பலன் கிடைச்சிருச்சு.

---

ஆலங்குளம்_ஜெராக்ஸ்:

ஐயா, டவுன்லோட்ஸைப் போய்ப் பார்த்தேன். நீங்க சொன்னது அப்படியே. ஏதோ ஒரு அம்மாவோட முதியோர் பென்ஷன் பேப்பர், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். இதை நான் இதுவரைக்கும் யோசிக்கவே இல்ல, யாருமே சொல்லாமப் போயிட்டாங்களேன்னு இருக்கு. கெஸ்ட் மோடும் ஸ்டாண்டர்ட் யூசரும் கண்டிப்பாப் பண்றேன்.

இன்னொரு சந்தேகம். பேங்க் சைட் போலியா நிஜமான்னு கஸ்டமருக்கு எப்படிச் சொல்றது? நான் இதுவரைக்கும் பூட்டுப் படம் இருக்கான்னு பாருங்கன்னு தான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப க்ரோம்ல பூட்டையே காணோம்.

---

ராத்திரி_ஷிஃப்ட்:

பூட்டை 2023 செப்டம்பர்ல 117ஆவது வெர்ஷன்ல க்ரோமே எடுத்துட்டாங்க சார், இப்ப ரெண்டு கோடு போட்ட மாதிரி ஒரு ஐகான் இருக்கும். எடுத்ததுக்குக் காரணமே நீங்க சொன்னது தான், பூட்டு இருந்தா நல்ல சைட்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. அது வழியில யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுன்னு மட்டும் தான் சொல்லும், அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவன் யாருன்னு சொல்லாது. போலி சைட்டுக்கும் ஓசியில சர்ட்டிஃபிகேட் கிடைக்குது.

அட்ரஸோட கடைசியைப் பாக்கச் சொல்லுங்க. ரிசர்வ் பேங்க் 2025ல எல்லா பேங்க்கையும் அந்த வருஷம் அக்டோபர் 31க்குள்ள "டாட் பேங்க் டாட் இன்"னு முடியற அட்ரஸுக்கு மாறச் சொன்னாங்க, அதை பேங்க் தவிர வேற யாரும் வாங்க முடியாது. கவர்மெண்ட் சைட்னா "ஜிஓவி டாட் இன்", சிலது "என்ஐசி டாட் இன்". ஆரம்பத்துல ஹெச்டிடிபிஎஸ்ஸோட வர்ற ரெண்டு சாய்வுக்கோட்டை விட்டுட்டு, அதுக்கு அடுத்து வர்ற முதல் சாய்வுக்கோட்டுக்கு உடனே முன்னாடி இது இருக்கணும். நடுவுல எங்கயாவது பேங்க் பேரை வச்சுட்டு கடைசியில வேற ஏதோ முடிஞ்சா போலி. தினமும் போற போர்ட்டலை எல்லாம் நீங்களே புக்மார்க் பண்ணி வச்சு அது வழியாவே போங்க, கூகுள்ல தேடிப் போகவே வேண்டாம்.

அப்புறம் யாராவது கஸ்டமர் காசு போச்சுன்னு ஓடி வந்தா பேங்க் திறக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு ஃபோன் போடச் சொல்லுங்க. காசு திருடன் கணக்குல இருந்து அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்கு முன்னாடி பிடிச்சா நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, நேரம் போகப் போக அது குறையும். கையில ட்ரான்ஸாக்‌ஷன் நம்பர், தேதி, எவ்வளவுன்னு வச்சுக்கிட்டுப் பேசணும். சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் புகார் பதியலாம், அதை உங்க கடையிலயே அவங்களுக்குப் போட்டுக் கொடுக்கலாம்.

---

வயர்_கட்டர்:

ஒண்ணு விட்டுப் போச்சு அண்ணாச்சி. அந்த சிஸ்டத்துல உங்க வாட்ஸ்அப் வெப் திறந்து வச்சிருந்தீங்களா? பிரிண்டுக்கு எல்லாரும் வாட்ஸ்அப்ல தானே ஃபைல் அனுப்புவாங்க. ஃபோன்ல வாட்ஸ்அப் திறந்து லிங்க்டு டிவைசஸ்ல போய் எல்லாத்தையும் லாக் அவுட் பண்ணுங்க, ஃபார்மட் முடிஞ்ச பிறகு புதுசா ஸ்கேன் பண்ணிக்கலாம். கஸ்டமர் யாராவது அவங்க வாட்ஸ்அப்பை அங்க திறந்திருந்தா அவங்களையும் பாக்கச் சொல்லுங்க.

---

ஆலங்குளம்_ஜெராக்ஸ்:

திறந்தே தான் இருந்துச்சு. இப்பவே லாக் அவுட் பண்ணிட்டேன். ரெகுலரா வர்ற கஸ்டமர் நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு, அந்தத் தேதிக்கு அப்புறம் அந்த சிஸ்டத்துல லாகின் பண்ணவங்களுக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டு பாஸ்வேர்டு மாத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னைக்கு ஃபார்மட். ஆர்டி சர்வீஸ் போடும்போது சிக்கல் வந்தா இங்கயே கேக்குறேன்.